அளவைக் கொடுங்கள், சாமானை நாங்கள் செய்துகொள்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலங்கைமான் பக்கம் நெல் போடுகிற விவசாயி நான். ஆற்றுத் தண்ணீர், உரத் தட்டுப்பாடு என்று முன்பு எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை வண்டி விஷயம்.

என்னிடம் ஒரு டீசல் புல்லட் இருக்கிறது. 1997-ல் தஞ்சாவூரில் புதிதாக எடுத்தது. போன குறுவை அறுவடையிலிருந்து மாட்டுக் கொட்டகை ஓரமாக நிற்கிறது. என்ஜினில் ஒரு குறையும் இல்லை, உதைத்தால் எடுத்துக்கொள்கிறது. கிராங்க் தண்டின் முனையில் உட்கார்ந்து செயின் வழியாகக் கிளட்சைச் சுற்ற வேண்டிய பல்சக்கரம்தான் தேய்ந்துவிட்டது. அந்த ஒன்று கிடைத்தால் வண்டி நாளைக்கே ரோட்டுக்கு வரும். கிடைக்கவில்லை.

என் ஒருவன் வண்டிக்காக உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். இப்படி ஒரே ஒரு சாமானுக்காக நிற்கிற பழைய வண்டிகள் நம் மாவட்டங்களில் நிறைய உண்டு. ஒரு வண்டியின் உற்பத்தியை நிறுத்திப் பல வருடங்கள் ஆனபிறகு, அதன் பாகங்களின் அளவுகளையும் வரைபடங்களையும் கம்பெனிகள் பொதுவில் வெளியிட வேண்டும், அரசு அதற்கு ஒரு விதி செய்ய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. சாமானைச் செய்து தரச் சொல்லவில்லை. அளவை மட்டும் கேட்கிறேன்.

இளைஞர்கள் பலர் டீசலில் ஓடும் மோட்டார் சைக்கிளைப் பார்த்திருக்க மாட்டார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு கம்பெனியும் கைகோத்துத் தொடங்கியது என்ஃபீல்டு இந்தியா. திருவொற்றியூரில் ஆலை. அங்கே செய்த புல்லட்டின் கியர் பாக்ஸை வைத்துக்கொண்டு, பெட்ரோல் என்ஜின் இருந்த இடத்தில் 325 சி.சி. டீசல் என்ஜினை உட்காரவைத்து 90-களில் விற்றார்கள். இத்தாலியின் லம்பார்டினி வடிவமைப்பில் இங்கே கிரீவ்ஸ் செய்த என்ஜின். ஆறரை குதிரைத் திறன்தான். வேகம் 60, 65-ஐத் தாண்டாது. ஆனால் லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்குக் குறைவாக எனக்கு அது கொடுத்ததில்லை. அன்றைக்கு டீசல் விலையும் பெட்ரோலைவிட நன்றாகவே குறைவு. 2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது அந்த வண்டியின் காலம் முடிந்தது.

ரெண்டு மூட்டை விதைநெல்லைக் கட்டிக்கொண்டு குடமுருட்டிக் கரையில் முதல் கியரில் மெதுவாகப் போனாலும் அது திணறாது. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தபோது அந்த வண்டியின் அருமை எங்கள் குடும்பத்துக்கே தெரிந்தது. கரண்ட் இல்லாமல் பெட்ரோல் பங்குகளில் பெட்ரோல் போட முடியவில்லை. எங்கள் வீட்டில் ஆயில் என்ஜினுக்கு வாங்கிவைத்த டீசல் கேனில் இருந்தது. அதை ஊற்றிக்கொண்டு, விழுந்து கிடந்த தென்னை மரங்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி, முத்துப்பேட்டை பக்கம் இருக்கிற தங்கை வீட்டுக்கு அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோனோம். புது வண்டி வைத்திருந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் வண்டியில் ஏறித்தான் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இந்த வண்டியை விற்றுவிடு என்று சொல்பவர்களிடம் நான் சொல்லும் முதல் பதில் இதுதான்.

இந்த வண்டியில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைச் சொன்னால்தான் என் கோரிக்கை புரியும். நாசில், பம்ப் எலிமென்ட், பிஸ்டன் ரிங் மாதிரி என்ஜின் உள்சாமான்களுக்கு நான் இதுவரை பெரிதாக அலைந்ததில்லை. பம்புசெட்டு, ஜெனரேட்டர் என்று இந்த வகை என்ஜின் பல வேலைக்கும் போனது. மன்னார்குடியில் டீசல் பம்ப் சர்வீஸ் செய்கிறவரிடம் கொடுத்தால் நாசிலைப் பிரித்துச் சோதித்து, புகை நிற்கும்படி செய்து தந்துவிடுவார். இன்னொரு பக்கம் பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேபிள் எல்லாம் சாதா புல்லட் சாமானாகவே கிடைத்துவிடும். நடுவில் இருப்பவைதான் பிரச்சினை. இந்த என்ஜினையும் அந்த வண்டியையும் இணைக்கிற தாங்கு தகடுகள், என் பல்சக்கரம், அதை மூடுகிற கேஸின் உள்பகுதி. இவை டீசல் புல்லட்டைத் தவிர உலகத்தில் வேறு எதற்கும் பொருந்தாது. அந்த வண்டி நின்றதும் இவையும் நின்றுவிட்டன.

தேடாத இடமில்லை. கும்பகோணம், திருச்சி கடைகளில் கேட்டேன். சென்னை ஜி.பி. ரோட்டில் பழைய கடைக்காரர் ஒருவர் பெயரைக் கேட்டதும் சிரித்தார், அப்புறம் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தார். அவர் சொல்லிப் புதுப்பேட்டைக்குப் போனேன். உடைத்த வண்டிகளின் சாமான் மலைபோலக் கிடக்கிறது அங்கே. ஒரு டீசல் என்ஜினே முழுசாகக் கிடந்தது. அதன் பல்சக்கரம் என்னுடையதைவிட மோசமாகத் தேய்ந்திருந்தது. டெல்லி கரோல்பாக்கில் புல்லட் சாமான் விற்பவர்களுக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டதும் வீண். இணையத்தில் ஒருவர் 'டீசல் புல்லட் ஒரிஜினல்' என்று போட்டிருந்தார். பணம் அனுப்பினேன். பெட்ரோல் புல்லட்டின் சக்கரம் வந்தது. திருப்பி அனுப்பிய பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

சரி, செய்துவிடலாம் என்று கும்பகோணத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் போனேன். நல்ல கைவேலைக்காரர். கிக்கர் தண்டுக்கு கன்மெட்டல் புஷ் கடைந்து கொடுத்தவர், அது இன்றைக்கும் அசையாமல் இருக்கிறது. பழைய சக்கரத்தை வெர்னியரில் நாலு பக்கமும் அளந்து பார்த்துவிட்டு, "அண்ணே, தேய்ஞ்சதை அளந்து செஞ்சா தேய்மானத்தையும் சேர்த்துத்தான் செய்யணும்" என்றார். இந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பல் எத்தனை என்று எண்ணிவிடலாம். செயினை வைத்துப் பல்லுக்குப் பல் உள்ள தூரமும் தெரிந்துவிடும். தண்டின்மேல் அது எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும்? தண்டும் கொஞ்சம் தேய்ந்திருப்பதால் அதை அளந்தாலும் பயனில்லை. சக்கரம் தண்டில் வழுக்காமல் பிடிக்கிற சாவிக்கட்டை உட்காரும் பள்ளம், அதாவது கீவே, அதன் சரியான அகலம் என்ன? பல்வரிசை கேஸிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? இதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் செயின் கோணலாக ஓடி, கிளட்சின் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். இதையெல்லாம்விட முக்கியம், அது எந்த எஃகு? இ.என்.8 என்கிற எஃகு ரகத்தில் செய்து பல்லை மட்டும் சூடேற்றிக் கடினப்படுத்தினார்களா, அல்லது இ.என்.353-ல் கடைந்து, மேல்தோலில் கார்பன் ஏற்றிக் கடினப்படுத்தினார்களா? இரண்டாவது முறையில் வெளிப்புறம் கடினமாகவும் உள்ளே அதிர்ச்சியைத் தாங்கும்படியும் இருக்கும். கார்பன் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. டீசல் என்ஜினின் ஒவ்வொரு அடியும் இந்தப் பல்லில்தான் முதலில் விழுகிறது. இந்த விவரம் எதுவும் இல்லாமல் அந்தத் தம்பி தன் அனுபவத்தை நம்பி ஒன்று செய்துகொடுத்தார். ஓர் அறுவடைக் காலம் ஓடியது. அதற்குள் பல் கூர்மையாகிவிட்டது. அவர் திறமையில் எந்தக் குறையும் இல்லை. ஆலையில் யாரோ ஓர் என்ஜினியர் ஒரு காகிதத்தில் எழுதிவைத்த நாலைந்து எண்கள் அவர் கையில் இல்லை, அவ்வளவுதான்.

என்னிடம் இந்த வண்டியின் உதிரி பாகப் புத்தகம் இருக்கிறது. வண்டியைப் போல்ட் போல்ட்டாகப் பிரித்துப் படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணைச் சொன்னால் ஒரு காலத்தில் கடைக்காரர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். சாமான் தீர்ந்த பிறகு அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புத்தகம் முழுவதும் தேடினாலும் அந்தச் சக்கரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு கிடையாது.

அதே வண்டியில் இருக்கிற பேரிங்கைப் பாருங்கள். அதன் மேலேயே எண் பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, தடிமன் 15. யார் செய்தாலும், எந்த நாட்டில் வாங்கினாலும் அதே அளவு. அதனால்தான் ஐம்பது வருடத்து வண்டியானாலும் பேரிங் இல்லை என்று யாரும் நிற்பதில்லை. ஆயில் சீலும் அப்படியே, மூன்று அளவையும் அதன்மேலேயே அச்சடித்திருப்பார்கள். நம் பம்புசெட்டு பெல்ட்டும் அப்படித்தான், எண்ணைச் சொன்னால் எந்த ஊர்க் கடையிலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். அளவு எல்லோருக்கும் தெரிந்த சாமான் தட்டுப்பாடாவதில்லை. அளவு ஓர் இடத்தில் பூட்டிக் கிடக்கிற சாமான்தான் அந்த இடம் கைவிட்டதும் அழிந்துபோகிறது.

கம்பெனிகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் ஒரு சாமானைச் செய்து அலமாரியில் அடுக்கிவை என்று யாரையும் கேட்க முடியாது. அவர்களுக்கும் இடம், முதல், ஆள் எல்லாம் வேண்டும். ஆனால் வரைபடத்தை வெளியிட என்ன செலவு? தொழில் ரகசியம் போய்விடும் என்பார்கள். நம் நாட்டு 2000-ம் வருட வடிவமைப்புச் சட்டப்படி ஒரு பொருளின் வடிவத்துக்குப் பதிவு செய்தவர் பெறும் பாதுகாப்பு முதலில் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம். காப்புரிமை என்றாலும் 20 வருடம்தான். டீசல் புல்லட் அந்தக் கெடுவையெல்லாம் தாண்டிவிட்டது. இன்றைய விதிகளின்படி விற்க முடியாத வண்டியின் பல்சக்கரத்தில் போட்டிக் கம்பெனி திருடிக்கொள்ள என்ன இருக்கிறது?

தவறாகச் செய்த சாமானால் விபத்து நடந்தால் பழி கம்பெனிமேல் விழுமே என்ற பயம் இருக்கலாம். அது நியாயமான பயம். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட சாமான்களுக்குத் தனிக் கட்டுப்பாடு வைக்கட்டும், செய்தவரே பொறுப்பு என்று வரைபடத்திலேயே அச்சடிக்கட்டும். சாமான் கிடைக்காத பழைய வண்டிகளில் இன்றைக்கு மாட்டுவது ஊகத்தில் செய்த சாமான்தான். சரியான அளவு தெரிந்து செய்வது அதைவிடப் பாதுகாப்பானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த வருடம் டிசம்பர் 24-ந் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நாலு துறைகள் அதில் உண்டு. நல்ல தொடக்கம், மனதார வரவேற்கிறேன். இப்போது விற்கிற பொருளுக்குக் கையேடு கொடுப்பதோடு அது நின்றுவிடக் கூடாது. விற்பனை நின்றுபோன வண்டிகளின் வரைபடங்களுக்கும் அதே தளத்தில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். பவர் டில்லர், நடவு இயந்திரம், பழைய டிராக்டர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். டெல்டாவில் ஒரு கியருக்காகத் துருப்பிடித்து நிற்கிற டில்லர்களை எண்ணப் போனால் என் புல்லட் ஒரு பொருட்டே இல்லை.

வெளிநாட்டில் இது நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் உற்பத்தி 1955-லேயே நின்றுவிட்டது. அதை வைத்திருப்பவர்களின் சங்கம் உதிரி பாகத்துக்கென்றே தனியாக ஒரு கம்பெனி ஆரம்பித்து, சாமான்களைப் புதிதாகச் செய்யவைக்கிறது. அந்தப் புதுச் சாமான்களைக் கொண்டே ஒரு முழு வண்டியைக் கட்டிக் காட்டினார்கள். நம் நாட்டிலேயே யெஸ்டியைப் பாருங்கள். மைசூர் ஆலை 1996-ல் மூடியது. ஆனால் யெஸ்டி ஓட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், கேட்க ஆள் இருப்பதால் செய்யவும் ஆள் வருகிறது. டீசல் புல்லட் மாதிரி எண்ணிக்கை குறைந்த வண்டிக்கு அந்தப் பலம் கிடையாது. பல்லை வெட்டுகிற இடத்தில் மெஷினில் கட்டரை அளவுக்குப் பொருத்துகிற செட்டிங் கூலி, ஒன்று செய்தாலும் பத்து செய்தாலும் ஒன்றுதான் என்கிறார்கள். சரியான வரைபடம் ஒன்று இருந்தால் திருச்சியில் ஒருவர், பொள்ளாச்சியில் ஒருவர், பஞ்சாபில் ஒருவர் என்று பத்துப் பேர் சேர்ந்து கூலியைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். ஊகத்தை நம்பிப் பத்துச் செய்ய யார் முன்வருவார்?

கடைசலும் வார்ப்பும் தெரியாத ஊரில் இருந்துகொண்டு நான் இதைக் கேட்கவில்லை. நாச்சியார்கோவிலில் காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்துப் பித்தளை விளக்கு வார்த்து, ஒவ்வொரு பாகத்தையும் மரை போட்டுப் பொருத்துகிறார்கள். சுவாமிமலையில் மெழுகில் செய்து உலோகத்தில் வார்க்கிற சிலையின் நுணுக்கத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. துவாக்குடியில் பெல் நிறுவனத்துக்கு வேலை செய்து பழகிய பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன, அவற்றில் பல வேலையில்லாமல் இருக்கின்றன. ஐ.டி.ஐ.யில் டர்னரும் மெஷினிஸ்டும் படித்து முடித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போகிறார்கள். இவர்களுக்கெல்லாம் உள்ளூரிலேயே கொஞ்சம் வேலை கிடைக்க ஒரு வழி இது.

"அந்த என்ஜினைக் கழட்டிவிட்டு பெட்ரோல் என்ஜினை மாட்டிவிடுங்களேன்" என்று எனக்கு யோசனை சொல்பவர்கள் பலர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக முன் அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்ற முடியாது. அனுமதி வாங்கினாலும் அது டீசல் புல்லட்டாக இருக்காது. பதினைந்து வருடம் முடிந்ததும் வண்டியைக் காட்டி, கட்டணம் கட்டி, ஐந்தைந்து வருடமாக முறைப்படி புதுப்பித்து வருகிறேன். சட்டம் என் வண்டியை ஓடலாம் என்று சொல்கிறது. ஒரு சக்கரத்தின் அளவு தெரியாததால் அது நிற்கிறது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஊர்களில் 60, 70 வருடமாக நடந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. அப்பா காலமானதும் பிள்ளைகள் கடையைக் காலி செய்து, பரணில் கிடக்கிற சாமானை மொத்தமாகக் காயலான் கடைக்குக் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது, அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. மயிலாடுதுறையில் அப்படி ஒரு கடை காலியாவதாகத் தகவல் தெரிந்து போனபோது, பழுப்பேறிய காகிதத்தில் கிரீஸோடு சுற்றிவைத்த தாங்கு தகடு ஒன்று கிடைத்தது, அதுவும் டீசல் புல்லட்டுடையது. மூட்டையில் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் அது உருக்குவதற்குப் போயிருக்கும். அதை உடனே வண்டியில் மாட்டவில்லை. முதலில் லேத் பட்டறைத் தம்பியிடம் கொடுத்து, துளைக்குத் துளை அளந்து, வரைந்து வாங்கி வைத்திருக்கிறேன். இனி தமிழ்நாட்டில் யாருக்கு அந்தத் தகடு வேண்டுமானாலும் அந்த வரைபடத்தின் நகலைக் காசு வாங்காமல் தருவேன்.

உங்கள் வீட்டுப் பரணிலோ மூடிய கடையிலோ பிரிக்காத பழைய பெட்டிகள் இருந்தால், காயலான் கடைக்குப் போடும் முன் மேலே ஒட்டியிருக்கும் பாக எண்ணை ஒரு போட்டோ எடுத்து, வண்டி ஓட்டுகிற யாரிடமாவது காட்டுங்கள். டீசல் புல்லட்டின் தேயாத பல்சக்கரம் ஒன்று யாரிடமாவது இருந்து, விற்க மனமில்லை என்றாலும் பரவாயில்லை. ஒருநாள் இரவல் கொடுத்தால் போதும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அளந்துவிட்டு, திருச்சியில் அதன் கடினத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்து, கையோடு திருப்பித் தந்துவிடுகிறேன். போக்குவரத்துச் செலவு என்னுடையது. என் முகவரியும் போன் எண்ணும் ஆசிரியர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
டீசல் புல்லட் விவசாயி ஒருவர்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.